பலகை முனையில் ஒரு கால்

அந்தப் படிவத்தை வரைய எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. இடப்பக்கம் ஆட்களின் இலக்கம், ஒன்று முதல் ஒன்பது வரை. மேலே மூன்று தலைப்புகள்: வேலை, காத்திருப்பு, சும்மா. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. கண்ணில் பட்ட முதற் கணத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ, அந்தத் தலைப்பின் கீழ் கோடு விழ வேண்டும். இரண்டாம் முறை பார்த்துத் திருத்தக் கூடாது. படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். யோசித்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கணக்குப் பிழையாகும் என்று விரிவுரையாளர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

திருகோணமலையில், துறைமுகத்தை நோக்கிச் சரிந்திறங்கும் ஒரு தெருவில், பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் திட்டமிடல் பொறியியலாளர் வேலை எனக்கு. முதல் வேலை. லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டியில் போய் வந்தேன். மாரி தொடங்குமுன் கூரை ஏற வேண்டும் என்பது ஒப்பந்தம். தூண்களும் வளைகளும் எழும்பியிருந்தன, ஆனால் கீழ்மாடிச் சுவர்களே பாதியில் நின்றன. வேலைத்தளப் பொறுப்பாளரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஒன்பது பேர் நிக்கினம். ஆறு பேரின்ர வேலைதான் நடக்குது. மிச்ச மூண்டு பேரின்ர நேரம் எங்க போகுது? படிச்சுப்போட்டு வந்தனீர்தானே, கண்டுபிடிச்சுத் தாரும்.”

அப்படித்தான் அந்தப் படிவம் வந்தது.

அதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகம் ஓர் இரும்புக் கொள்கலன். உப்புக் காற்றில் கதவுக் கீல்கள் கறள் பிடித்து, திறக்கும்போதெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தும். வெளியே வந்தால் சீமெந்துக் கற்களின் உயரமான அடுக்கு. அதைச் சுற்றி வளைந்தால் ஒரு சேற்றுப் பள்ளம், கலவை மிசினைக் கழுவிய தண்ணீர் தேங்கியது, மூன்று எட்டு வைத்துக் கடக்கும் அகலம். அதைக் கடந்தால்தான் கட்டடம். மணலும் கல்லும் ஏற்றிய தள்ளுவண்டிகளும் அதே சேற்றைத்தான் நீளவாக்கில் உழுதுகொண்டு போகும். வந்த முதல் வாரத்தில், புதுச் சப்பாத்துடன், கையில் கோப்புடன், எல்லோரும் பார்க்க நான் அதில் வழுக்கி விழுந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதல் வெட்கமாக இருந்தது. கலவை சுமக்கும் அக்கா தன் தாச்சியை இறக்கிவைத்துவிட்டு வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். பீப்பாய்த் தண்ணீரை அள்ளி என் கைகளைக் கழுவத் தொடங்கினார்.

“சீமெந்துத் தண்ணி, மிஸ். காய விட்டா தோல் உரியும். நல்லாத் தேயுங்கோ.”

சாரக்கட்டின் மேலிருந்து தலைமை மேசன் குரல் கொடுத்தார். “தங்கச்சி, மிஸ்ஸைக் கழுவி முடிஞ்சா இஞ்சயும் கொஞ்சம் கலவை வருமோ?”

“உங்கட தட்டில இன்னும் கிடக்குது அண்ணை. முதல்ல அதை முடியுங்கோ.”

மறுநாளிலிருந்து அந்தச் சேற்றின் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அதன் மேல் நடந்தேன்.

அக்கா நாற்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துவாய். சம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். இரும்புத் தாச்சியில் கலவையை நிரப்பி, இடுப்பில் ஏந்தி, மேசன்மாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. ஒரு நாள் பிளேன்ரீ குடிக்கும்போது சொன்னார்:

“வேற சைட்டுகளில பொம்பிளையளைக் கலவைக்கு எடுக்கிறேல்ல மிஸ். எடுத்தாலும் இருட்டும்வரைக்கும் விடாங்கள். இஞ்ச நாலரைக்கு விடுகினம். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சா, மகள் ரியூசன் முடிச்சு வரேக்க நான் வீட்டில நிப்பன். அது போதும்.”

என் படிவத்தில் அவர் நாலாம் இலக்கம்.

இரண்டு வாரம் எண்ணினேன். எப்போது வருவேன் என்று ஆட்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் கைப்பேசியில் ஒழுங்கில்லாத நேரங்களுக்கு மணி வைத்திருந்தேன். மணி அடித்ததும் எழும்புவேன், கதவைத் திறப்பேன், கல் அடுக்கைச் சுற்றுவேன், காலடியைப் பார்த்துப் பலகையைக் கடப்பேன், நிமிர்வேன். அந்த நிமிரும் கணத்தில் கோடுகள். பிறகு கட்டடத்தை ஒரு சுற்று வந்து, பின்பக்கத்தால், பள்ளிக்கூட மைதானம் வழியாக அலுவலகத்துக்குத் திரும்புவேன். ஒரு சுற்றையும் தவறவிடவில்லை. ஒரு நாள் காய்ச்சலோடும் எண்ணினேன்.

முடிவை வரைபடமாக்கியபோது நாலாம் இலக்கத்தின் தூண் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. சும்மா என்ற தலைப்பின் கீழ். திரும்ப எண்ணிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. உண்மையில் எனக்கும் அப்படித்தான் நினைவு: நான் நிமிரும்போதெல்லாம் அக்கா வெறுங்கையோடு அந்தப் பலகையடியில் நிற்பார். ஒரு கால் பலகை முனையில் இருக்கும். சில வேளை சிரிப்பார்.

சேர் தாளை மேசையில் விரித்துப் பார்த்தார்.

“வடிவாச் செய்திருக்கிறீர். அப்ப கலவை தூக்கிறதுக்கு ஒரு சின்ன மோட்டரைப் பூட்டுவம். இந்த நாலாம் இலக்கத்தைச் சனிக்கிழமையோட நிப்பாட்டுவம்.”

“ஆரெண்டு தெரியுமோ சேர்?”

“ஆராயிருந்தா என்ன? உம்மட தாள்தானே சொல்லுது.”

அது செவ்வாய்க்கிழமை. எனக்கு வருத்தமாக இருந்தது, சந்தேகம் இருக்கவில்லை. அறிக்கையைத் தட்டச்சுச் செய்து தலைமை அலுவலகத்துக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பினேன். பல்கலைக்கழகத்துக்கு வெளியே என் பெயர் போட்டுப் போன முதல் அறிக்கை. வீட்டில் அம்மாவுக்கும் காட்டினேன். “நல்ல நிறமா இருக்குது” என்றார்.

வியாழக்கிழமை மேல்மாடியைத் தாங்கும் வளைகளின் மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டக் கருவியைக் கட்டடத்துக்கு வெளியே ஓர் உயரத்தில் நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தில் மேல் விறாந்தை வசதியாக இருந்தது. மைதானப் பக்கத்தால், யாரும் காணாமல் ஏறி, முக்காலியை விரித்துக் கருவியைப் பூட்டினேன். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே மணற்குவியலின் நிழலில் இரண்டு மான்கள் படுத்திருந்தன. அவை சாப்பாட்டுத் தாள்களைத் தின்ன வருபவை, யாரும் துரத்துவதில்லை. தூரத்தில், துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு கப்பல் காலையிலிருந்து அசையாமல் நின்றது.

மட்டக் கருவியில் இருப்பது ஒரு தூரக்கண்ணாடிதான். வளையைத் தேடித் திருப்பும்போது அக்கா அதற்குள் வந்தார்.

மேசனின் தட்டில் ஒரு கைப்பிடி கலவை மிச்சம் இருக்கும்போது அடுத்த தாச்சி வந்து சேர்ந்தது. மேசன் கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அக்கா தாச்சியைக் கவிழ்த்த கையோடு, சாரத்தடியில் கிடந்த கற்களுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். இந்தக் காற்றில் காய்ந்த கல்லை வைத்துக் கட்டினால் கலவையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். அவரை யாரும் அதற்குப் பணித்திருக்கவில்லை. என் வேலைப் பட்டியலிலும் அது இல்லை. மறுபடி மிசினடிக்குப் போனார், நிரப்பினார், வந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். வளையை மறந்துவிட்டேன்.

பிறகுதான் பலகையைக் கவனித்தேன். அது சேற்றின் குறுக்கே இல்லை. சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தள்ளுவண்டி ஒன்று சேற்றால் போனது. பலகை கிடந்திருந்தால் அந்த வண்டி போயிருக்க முடியாது. இரண்டு வாரம் அதன் மேல் நடந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

திடீரென்று அக்கா நிமிர்ந்தார். தாச்சியைக் கீழே வைத்தார். ஓடிப்போய்ப் பலகையை எடுத்துச் சேற்றின் குறுக்கே போட்டு, அது ஆடாமல் இருக்க முனையில் ஒரு காலை ஊன்றி, கல் அடுக்கின் மூலையைப் பார்த்தபடி நின்றார். சாரத்தில் மேசனும் கரண்டியை வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். தள்ளுவண்டிக்காரர் வண்டியை ஓரமாக்கினார். எனக்கு அந்த உயரத்தில் சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சத்தம் என்று விளங்கியது. அலுவலகக் கதவு.

மூலையைத் திரும்பி வந்தவர் களஞ்சியப் பொறுப்பாளர். அவரைக் கண்டதும் அக்கா பலகையை விறுக்கென்று இழுத்துச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாச்சியைத் தூக்கினார். களஞ்சியக்காரர் பாவம், உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிப் பாய்ந்தார். ஒரு கால் சேற்றுக்குள் போனது. அவர் கையை விரித்து ஏதோ ஏச, மேசன் சிரிப்பது தூரக்கண்ணாடியில் பல் பல்லாகத் தெரிந்தது.

நான் விறாந்தைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு கோப்பில் இருந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, மதியம்வரை அங்கேயே இருந்து மறுபடியும் எண்ணினேன். ஒரே ஒரு மாற்றம்: நான் எண்ணுவது யாருக்கும் தெரியாது. நாலாம் இலக்கத்துக்குச் சும்மா என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடுகூட விழவில்லை. காத்திருப்பின் கீழ் எல்லோருக்கும் விழுந்தது. மேசன் கல்லுக்குக் காத்திருந்தார், கல் தள்ளுவண்டிக்குக் காத்திருந்தது, தள்ளுவண்டி சேற்றில் புதைந்து நின்றது. சேர் தேடிய மூன்று பேரின் நேரமும் அந்த மூன்று எட்டுச் சேற்றுக்குள்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை சேரிடம் போனேன்.

“சேர், அறிக்கை பிழை.”

“எந்த அறிக்கை?”

“என்ர அறிக்கை.”

அவர் கதிரையில் சாய்ந்தார். “தலைமை அலுவலகத்துக்குப் போயிட்டுது, பிள்ளை. மோட்டருக்கும் சொல்லியாச்சு. இப்ப பிழையெண்டா, அந்த ரெண்டு கிழமையும் நீர் என்னத்தை எண்ணினனீர்?”

“மரியாதையை எண்ணிப்போட்டன் சேர்.”

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது என்று தோன்றியது. “பத்து நிமிசம் மேல விறாந்தைக்கு வாங்கோ” என்றேன். தூரக்கண்ணாடியைச் சேற்றுப் பள்ளத்துக்குத் திருப்பி அவர் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தேன். பிறகு கீழே போய், அலுவலகத்துக்குள் நுழைந்து, ஒரு நிமிடம் பொறுத்து, கோப்போடு கதவைத் திறந்துகொண்டு வழக்கம் போல வந்தேன்.

பலகை கிடந்தது. முனையில் கால் இருந்தது. இந்த முறை நான் காலடியைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி வந்தேன். கண்கள் வீங்கியிருந்தன.

“கீழ பாத்து வாங்கோ மிஸ்” என்றார்.

மேலே போனபோது சேர் இன்னும் கருவியடியில் குனிந்தபடி நின்றார்.

“நீர் கதவைத் திறந்ததும் முழுச் சைட்டும் நிண்டு போச்சு, பிள்ளை. சாமி வெளிவீதி வரேக்க நிக்கிற மாதிரி நிக்கிறாங்கள். எனக்கு ஒருத்தனும் இப்பிடி நிக்கிறேல்ல.” நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இந்த வேலையைப் பின்னுக்கு இழுக்கிறது நீர்தான்.”

“ஓம் சேர். நானும் அந்தச் சேறும்.”

வியாழக்கிழமை எண்ணிய தாளைக் காட்டினேன். அதன் அடியில் மூன்று வரி எழுதியிருந்தேன். மிசின் கழுவும் தண்ணீரைக் குழாயால் பின்வாய்க்காலுக்கு விட வேண்டும். பள்ளத்தைச் சல்லி கொட்டி நிரப்ப வேண்டும். லொறி கல்லைக் கொள்கலனடியில் இறக்காமல் படிக்கட்டடியில் இறக்க வேண்டும். அவர் இரண்டு முறை வாசித்தார்.

“ஒரு கிழமை தாறன். சுவர் உயர்ந்தா மோட்டர் வேண்டாம், நாலாம் இலக்கம் நிக்கட்டும். உயராட்டிக்கு என்னட்ட வந்து கதைக்கக் கூடாது. மற்றது, பிழை எண்டு எழுதி உம்மட பேரைப் போட்டு நீரே அனுப்பும். நான் அனுப்பமாட்டன்.”

எழுதினேன். நான்கு வசனம்தான். அதை எழுதிய நேரத்தில் முதல் அறிக்கையை முழுதாக எழுதியிருக்கலாம்.

சனிக்கிழமை காலை அக்கா அலுவலகப் படியடியில் எனக்காக நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே பாலைப்பழம், மஞ்சள் மஞ்சளாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“மகளும் நானும் நேற்றுப் பின்னேரம் பொறுக்கினது மிஸ். இண்டைக்குக் கடைசி நாளாமெண்டு களஞ்சியக்காரர் புதன்கிழமை சொன்னவர். வெறுங்கையோட போறது சரியில்லைத்தானே.”

புதன்கிழமை. மனதுக்குள் நாட்களை வரிசைப்படுத்தினேன். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் அந்தப் பலகை கிடந்தது.

“அக்கா, நீங்கள் சும்மா நிக்கிறீங்கள் எண்டு எழுதினது நான்தான். அதுவும் தெரியுமோ?”

“ஓம். மிஸ்ஸின்ர தாளிலதான் இருக்குதெண்டு சொன்னவர்.”

“பிறகு ஏன் பலகை போட்டனீங்கள்?”

என் கேள்வி அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அதுக்கும் இதுக்கும் என்ன மிஸ்? அதில நடந்தா வழுக்கும்தானே.”

நான் நடந்ததைச் சொன்னேன், கோடுகளையும் தூரக்கண்ணாடியையும். என் வேலை அப்படிப் பிழையாய்ப் போனதைச் சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் இருந்தது, வார்த்தைகள்தான் ஒழுங்கில் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, சுவர் உயர்ந்தால் அவர் நிற்கலாம் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, “அப்ப திங்கக்கிழமையும் வரலாமோ?” என்று கேட்டார்.

“வரலாம். வரவேணும்.”

துவாயின் நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு பை இன்னும் தன் கையில் இருப்பதைக் கண்டு எனக்கு நீட்டினார். பின்னால் வந்து நின்ற மேசன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“போறதுக்கெண்டு கொண்டுவந்த பழம், நிக்கிறதுக்கும் இனிக்குமோ தங்கச்சி?”

“உங்களுக்குப் புளிக்கும். கைய எடுங்கோ அண்ணை!”

எல்லோரும் தின்றோம். பாலைப்பழம் உதட்டில் பசை போல ஒட்டும். பகல் முழுக்க அந்தப் பசையோடுதான் எல்லோரும் கதைத்தோம். அந்தப் பக்கமாக வந்த சேரின் மீசையில்கூட ஒட்டியிருந்தது.

அந்த ஒரு வாரம் எனக்கு நீளமாக இருந்தது. திங்கள் குழாய் போட்டார்கள். செவ்வாய் சல்லி லொறி வந்தது. கல்லைப் படிக்கட்டடியில் இறக்கச் சொன்னதற்கு லொறிக்காரர் முணுமுணுத்தார். மேசன் அவரிடம், “மிஸ் தூரக்கண்ணாடி வச்சிருக்கிறா, கவனம்” என்றார். தள்ளுவண்டிகள் புதையாமல் ஓடின. எண்ணுவதற்குப் பழைய விறாந்தைக்குத்தான் போனேன். நான் அங்கிருந்து பார்ப்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒளிந்திருந்து பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. தூரத்தில் இருக்கும் எனக்கு மரியாதை செய்ய அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. அக்கா ஒரு முறை மட்டும் நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் பிடித்து என்னைத் தேடினார். நான் கையை ஆட்டினேன். அதையும் ஒரு கோடாகப் போட வேண்டும்தான். போடவில்லை.

வெள்ளிக்கிழமை சேர் சுவரைப் பார்த்தார். அளவுநாடாவைக்கூட எடுக்கவில்லை. “சரி” என்றார். போகும்போது, “மோட்டர்க்காரனுக்கு நான் சொல்லுறன்” என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் ஒரு வரைபடத்தைக் கொடுப்பதற்காக நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். கீல் வழக்கம் போலக் கத்தியது. கல் அடுக்கு இருந்த இடம் வெறுமையாக இருந்ததால் எல்லாமே நேராகத் தெரிந்தது. மேசன் கரண்டியை வைக்கவில்லை. தள்ளுவண்டி தன் பாட்டில் போனது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து தாச்சியை நிரப்பிக்கொண்டிருந்தார். பள்ளம் இருந்த இடத்தில் புதுச் சல்லி, வெள்ளையாக. பலகை சுவரில் சாய்ந்து காய்ந்திருந்தது.

எல்லாம் நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தன. ஒருவரும் நிமிராமல் இருந்தது எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சல்லியில் கால் வைத்தேன்.

அக்கா திரும்பவில்லை. தாச்சியில் கலவையை அள்ளிப் போட்டபடியே குரல் மட்டும் கொடுத்தார்.

“மிஸ், இடப்பக்கம் ஒரு கல்லு ஆடுது. வலப்பக்கத்தால வாங்கோ.”

வலப்பக்கத்தால் போனேன்.